ராமநாதபுரம் கரையோரத்தில் முதல் கேமிங் கம்ப்யூட்டர்: ஒன்றுக்கொன்று பொருந்தும் பார்ட்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சென்னையில் இருப்பவர் தப்பான மதர்போர்டை (எல்லாப் பார்ட்ஸும் மாட்டுகிற தாய்ப்பலகையை) வாங்கிவிட்டால் மறுநாளே ரிச்சி தெருவுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். மண்டபத்திலோ தொண்டியிலோ சாயல்குடியிலோ இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. நாலு மாடல் வைத்து விற்கிற கடை வேண்டுமென்றால் மதுரைக்குப் போகணும். அது ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆன்லைனில் வாங்கினாலோ, திருப்பி அனுப்புவதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிடும்.

அதனால் பணத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். வாங்கப்போகிற ஒவ்வொரு பொருளையும் ஒரு வரியில் எழுதி, அது மேலே எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த வரிக்கு இறங்குங்கள். தாளில் கடைசியாக இரண்டு வரி கூடுதலாக இருக்கும்: உங்கள் வீட்டுக் கரண்ட், உங்கள் ஊர்க் காற்று. வெளியூர் யூடியூப் வீடியோக்களில் இந்த இரண்டும் வராது.

விலைப்பட்டியல் இதில் இல்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மாடல் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், விலையை வாங்குகிற அன்றைக்குப் பாருங்கள்.

1. என்ன விளையாடப் போகிறீர்கள், எந்த மானிட்டரில்?

வேலரன்ட், சிஎஸ்2 (கவுன்டர் ஸ்ட்ரைக் 2) மாதிரி ஆட்டங்கள் மட்டும்தான் என்றால் சின்ன கார்டே போதும். ஜிடிஏ 5, புதிய கார் ரேஸ், ஓப்பன் வேர்ல்ட் வகையறா என்றால் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் பெரிய பங்கு போகணும். பட்ஜெட் மெஷினுக்கு 1080பி (1920×1080 புள்ளி) மானிட்டர் சரியான இலக்கு. 4கே ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள்.

வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். நீல நிற விஜிஏ போர்ட் மட்டும் இருந்தால் இப்போதைய கிராபிக்ஸ் கார்டில் நேராகச் சொருக முடியாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற கன்வெர்ட்டர் வேண்டும். 'மதர்போர்டில்தான் விஜிஏ இருக்கிறதே' என்று கேட்கலாம். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால்தான் அந்த ஓட்டைக்கு உயிர் வரும். அது எந்தப் பிராசசரில் இருக்கும் என்பது மூன்றாவது படியில்.

2. கிராபிக்ஸ் கார்டு

1080பி-க்கு முதல் மெஷின் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி மெமரி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் பவர் ஒயர். 2021-இல் வந்த கார்டுதான், ஆனாலும் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

ஆர்டிஎக்ஸ் 3050 வாங்குவதாக இருந்தால் பெட்டியில் 6 ஜிபியா 8 ஜிபியா என்று பாருங்கள். பெயர் ஒன்று, சரக்கு வேறு. 6 ஜிபி கார்டு 70 வாட்தான் எடுக்கும், பெரும்பாலும் தனி பவர் ஒயர் கேட்காது, ஆனால் வேகம் குறைவு. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடுகிறவருக்கு அது வரம். புதிதாகக் கட்டுகிறவருக்கு 8 ஜிபி நல்லது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். மதர்போர்டோடு பேச அதற்கு நாலே லேன்தான், அதாவது தரவு போகிற பாதை நாலே நாலு. மெமரியும் 4 ஜிபி. பிசிஐஇ (கார்டு சொருகுகிற ஸ்லாட்டின் வகை) 4.0 போர்டில் ஓரளவு ஓடும், 3.0 போர்டில் போட்டால் திணறும்.

தாளில் எழுத வேண்டியவை: மாடல், வாட், பவர் ஒயர் எத்தனை பின், கார்டின் நீளம் மில்லிமீட்டரில். நீளத்தைக் கேபினட் வாங்கும்போது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

3. பிராசசரும் மதர்போர்டும்

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுக்கணும். தவறு நடப்பதில் முக்கால்வாசி இங்கேதான்.

முதலில் சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காருகிற இடம். ரைசன் 5 5600 ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும். ரைசன் 5 7600-க்கு ஏஎம்5 வேண்டும். இன்டெல் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் இரண்டுக்கும் எல்ஜிஏ1700. ஒன்றை இன்னொன்றில் போடவே முடியாது.

சாக்கெட் ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. பயாஸும் (போர்டுக்குள் இருக்கிற, மெஷினை எழுப்புகிற மென்பொருள்) அந்தப் பிராசசரை அடையாளம் காணணும். பி450 போர்டு 5600-ஐத் தாங்கும், ஆனால் கடையில் நாளாகக் கிடந்த போர்டு என்றால் பழைய பயாஸோடு இருக்கும், ஃபேன் சுற்றும், திரையில் எதுவும் வராது. பி550-உம் 5000 வரிசைக்குச் சில மாதம் முன்னால் வந்த போர்டுதான். பெட்டியில் 'ரைசன் 5000 ரெடி' என்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். எச்610 போர்டில் 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் போட்டாலும் இதே கதை. கடைக்காரரிடம் "அண்ணே, இந்த பிராசசருக்கு பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுத்துருங்க" என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சில போர்டுகளில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும். பிராசசர் இல்லாமலே பென் டிரைவை வைத்து அப்டேட் செய்யலாம். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அந்தப் பட்டன் உள்ள போர்டைப் பார்த்து எடுப்பது நிம்மதி.

அடுத்து, பெயரின் கடைசி எழுத்து. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-இலும் 5500-இலும் கிடையாது. 5600ஜி-இல் உண்டு. மதர்போர்டின் விஜிஏ, எச்டிஎம்ஐ போர்ட்டுகள் இப்படி உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசருக்குத்தான் வேலை செய்யும்.

கையில் பணம் குறைவு, கார்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு 5600ஜி நல்ல வழி. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: 5600ஜி, 5500 இரண்டும் பிசிஐஇ 3.0 வரைதான் போகும். பி550 போர்டில் போட்டாலும் அது மாறாது. பின்னால் கார்டு போடும்போது ஆர்எக்ஸ் 6600-க்கு இதனால் பெரிய நஷ்டம் வராது, 6500 எக்ஸ்டிக்கு வரும்.

என் கணக்கு இதுதான்: தொகை இறுக்கமாக இருந்தால் ரைசன் 5 5600-உம் பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் (சற்றுச் சின்ன அளவு) போர்டும். இன்டெல் கைக்குச் சகாயமாகக் கிடைத்தால் 12400எஃப்-உம் டிடிஆர்4 (ராம் வகை) எச்610 போர்டும். இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் ஏஎம்5. பிற்பாடு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள அதில் வழி இருக்கிறது.

பிராசசரைப் பெட்டியோடு வாங்குங்கள். 'ட்ரே' என்று விலை குறைத்து விற்பதில் கூலர் (பிராசசரைக் குளிர்விக்கிற ஃபேன்) வராது. வைஃபை இல்லாத போர்டுகளும் நிறைய உண்டு; மோடம் அடுத்த அறையில் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

4. ராம்

டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ஏறாது. நடுவில் இருக்கிற வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினால் உடையும். ஏஎம்4-க்கு டிடிஆர்4 மட்டும், ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700-இல் இரண்டு வகைப் போர்டும் உண்டு, ஆகவே போர்டின் முழுப்பெயரைப் படித்துவிட்டு ராம் வாங்குங்கள்.

16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக எடுங்கள். 5600ஜி போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். அது ராமைத்தான் கிராபிக்ஸ் மெமரியாகவும் எடுத்துக்கொள்கிறது. டிடிஆர்4 என்றால் 3200 வேகம். லேப்டாப் ராம் குட்டையாக இருக்கும், அது இதில் சேராது.

5. எஸ்எஸ்டி

விண்டோஸும் ஆட்டங்களும் இருக்கப்போகிற இடம் இது. என்விஎம்இ எம்.2 (போர்டிலேயே நேராகச் சொருகுகிற வகை), 2280 அளவு. போர்டின் எம்.2 ஸ்லாட் என்விஎம்இயா, பழைய வகையான சாட்டாவா என்று மேனுவலில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபியை விழுங்கும். 500 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும், முடிந்தால் 1 டிபி.

6. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த்

கேபினட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸை (மெஷினுக்கு மின்சாரம் தருகிற பவர் சப்ளை) கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஏன் என்பதை அதன் ஸ்டிக்கரே சொல்லும். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே ஒரு சின்னக் கட்டத்தில் '+12வி' என்ற பத்தியைத் தேடுங்கள். அதில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஒழுங்கான 550 வாட் சப்ளையில் அதே இடத்தில் 45 ஆம்பியர் வரை இருக்கும், அதாவது 540 வாட்.

நம் மெஷினின் தேவையைக் கூட்டிப் பார்ப்போம். 6600 கார்டு 132, பிராசசர் முழு வேகத்தில் ஏறக்குறைய 75, போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 260 வாட் பக்கம். 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம்) முத்திரையுள்ள 550 வாட் சப்ளை தாராளம். 750 வாங்கித்தான் ஆகணும் என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஒயர்களையும் பாருங்கள். பிராசசருக்கு 4+4 பின், கார்டுக்கு 6+2 பின். இரண்டுமே எட்டுதான் என்றாலும் மின்சாரம் வருகிற பக்கம் மாறியிருக்கும். ஒன்றை மற்றொன்றில் அமுக்கி ஏற்றக்கூடாது.

காற்றடித்தால் கரண்ட் போய்ப் போய் வருகிற நம் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இந்த மெஷினை ஓட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எல்லா வீட்டிலும் இருக்கிற 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். 260 வாட் மெஷின் சுவரிலிருந்து 300-க்கு மேல் இழுக்கும், மானிட்டரைச் சேர்த்தால் எல்லையில் நிற்கும். 1000 விஏ எடுங்கள், பெட்டியில் வாட் எத்தனை என்பதையும் படியுங்கள். விளையாட்டைத் தொடர்வதற்காக யுபிஎஸ் வாங்குவதில்லை. சேமித்துவிட்டு முறையாக அணைக்கத்தான் அது. வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதாக இருந்தால் அது சைன் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் வகையோடு நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில நேரம் ஒத்துழைக்காமல் அணைந்துவிடும்.

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று விரலில் இழுக்கிறதா? எர்த் வேலை செய்யவில்லை. காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது, ஈர உப்பு மண்ணில் கம்பி அரித்துப்போகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பார்ட்ஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

7. கேபினட்டும் உப்புக்காற்றும்

கடலோர வீட்டு ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே உப்புதான் கம்ப்யூட்டருக்குள்ளும் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகும்; அந்த உப்புநீர் செம்பையும் இரும்பையும் அரிக்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் இது சாதாரணம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துரு ஏறி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள்; 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பெயின்ட்டும் போட்டார்கள். நம் கேபினட் தகடு எம்மாத்திரம்.

அதற்காக முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடிய கேபினட்டை வாங்கினால் ஏசி இல்லாத அறையில் சித்திரை மாதம் உள்ளே வெந்துவிடும். வலை வைத்த முன்பக்கம், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, முன்னால் காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாக உப்புத்தூசி நுழைவது குறையும்.

பொருத்தம் பார்க்க மூன்று அளவு போதும்: போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால் அதைத் தாங்குமா, தாளில் எழுதிய கார்டு நீளம் உள்ளே நுழையுமா, தனியாகக் கூலர் வாங்கினால் அதன் உயரம் மூடிக்குள் அடங்குமா. 5600-ஓடு பெட்டியில் வருகிற கூலர் குட்டையானது, இடிக்காது.

கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மெஷினை வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். மாதக்கணக்கில் மூடி வைப்பதும் கெடுதல். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓடவிட்டால் அந்தச் சூட்டில் ஈரம் காயும். காலியாக இருக்கிற யுஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, சல்லிக்காசுதான், வாங்கிச் செருகுங்கள்.

8. துபாயிலிருந்து வருகிற பார்சல்

கீழக்கரை, தேவிப்பட்டினம் பக்கம் இந்தக் கேள்வி வராத வீடு இல்லை: "மச்சான் லீவுக்கு வர்றார், கார்டு வாங்கிட்டு வரச் சொல்லவா?" கரண்ட் பிரச்சினை இல்லை. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட் அளவுதான், எஸ்எம்பிஎஸ்ஸின் பிளக் மட்டும் வேறு. ஒயரை மாற்றினால் முடிந்தது. வாரண்டிதான் சிக்கல். கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டுக்கு வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். மவுஸ், கீபோர்டு, ஹெட்செட்டை அங்கிருந்து வரவழையுங்கள். கெட்டுப்போனால் மனசு வலிக்கிற பொருளை இங்கே பில்லோடு வாங்குங்கள்.

9. தாளைச் சரிபார்த்தல், வாங்குதல்

எழுதி முடித்ததைப் பிசிபார்ட்பிக்கர் தளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சாக்கெட், நீளம், வாட் எல்லாவற்றையும் அது ஒப்பிட்டுச் சொல்லும். நம் கடைகளில் இருக்கிற சில மாடல்கள் அதில் இருக்காது. அப்போது போர்டு கம்பெனியின் இணையதளத்தில் 'சிபியூ சப்போர்ட்' பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசசர் பெயருக்கு நேராக எந்த பயாஸ் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். ஒவ்வொன்றாக ஆறு மாதம் சேர்த்தால், கடைசிப் பொருள் வரும்போது முதல் பொருளை மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்திருக்கும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கணும். ஆன்லைன் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

மாட்டி முடித்ததும் பார்க்க வேண்டியவை: மானிட்டர் ஒயர் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, நாலு ராம் ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நாலாவதிலும் ராம் இருக்கிறதா. பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 3200 ராம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் விளையாட டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனில் இருக்கணும். அந்த இரண்டு ஸ்விட்சும் அதே பயாஸில்தான், வெளியே வருவதற்குள் பார்த்துவிடுங்கள்.