ஆக்ஸாலிபிளாட்டின் கீமோ: ஊசி ஏறும் நாளிலும் அதற்குப் பிறகும் கவனிக்க வேண்டியவை

ஆக்ஸாலிபிளாட்டின் போடப்போகிறார்கள் என்றதும் பலரும் முதலில் கேட்பது முடி கொட்டுமா என்பதுதான். இந்த மருந்தில் முடி கொஞ்சம் மெலியலாம், மொத்தமாகக் கொட்டுவது அரிது. இதில் உண்மையிலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டியது நரம்புகளைத்தான், அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

இது பிளாட்டினம் கலந்த மருந்து. புற்றணுவின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அது பெருக விடாமல் செய்கிறது. மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயில் அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமல் இருக்கக் கொடுப்பார்கள், பெருங்குடலிலிருந்தோ மலக்குடலிலிருந்தோ பரவிவிட்ட நோய்க்கும் கொடுப்பார்கள், வயிறு, கணையப் புற்றுநோய்களிலும் பயன்படுகிறது. பெரும்பாலும் தனியாக வராது. 5-எஃப்யூ என்ற கீமோ மருந்து, அதன் வேலையைக் கூட்டும் லூகோவோரின் இரண்டோடும் சேர்ந்தால் அந்தக் கூட்டுக்குப் பெயர் ஃபால்ஃபாக்ஸ்: வழக்கமாக 2 வாரத்துக்கு ஒரு முறை, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 85 மில்லிகிராம். கேப்சிடபின் மாத்திரையோடு வந்தால் கேப்பாக்ஸ்: 3 வாரத்துக்கு ஒரு முறை, அதே சதுர மீட்டர் கணக்கில் 130 மில்லிகிராம். ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது இந்தக் கணக்குக்காகத்தான், எடை சட்டென்று குறைந்திருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எத்தனை மாதம் என்று முதலிலேயே கேளுங்கள். மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு முன்பெல்லாம் 6 மாதம்தான் வழக்கம். 2018இல் வந்த பெரிய கூட்டு ஆய்வில், அந்தக் கட்டத்திலேயே ஆபத்து குறைவான பிரிவில் இருப்பவர்களுக்கு, அதிலும் கேப்பாக்ஸ் எடுப்பவர்களுக்கு, 3 மாதமே ஏறக்குறைய அதே பலனைக் கொடுக்கிறது, நரம்பு பாதிப்பும் வெகுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது, ஆனால் கேட்பதில் தவறே இல்லை.

தொடங்கும் முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: சிறுநீரகக் கோளாறு, வேறு பிளாட்டினம் மருந்தில் வந்த ஒவ்வாமை, இதயத் துடிப்பில் சிக்கல், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ ஏற்கெனவே இருக்கும் கால் மரத்துப்போதல். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும். சிகிச்சை நடக்கும்போதும், கடைசி ஊசிக்குப் பின் பெண்கள் 9 மாதம், ஆண்கள் 6 மாதம் வரையிலும் கருத்தடை அவசியம். கடைசி ஊசி முடிந்து 3 மாதம் ஆகும்வரை தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

சரி, ஊசி நாளுக்கு வருவோம். டிரிப் ஏற வழக்கமாக 2 மணி நேரம் ஆகும். மருந்தைக் குளூக்கோஸில்தான் கலப்பார்கள். உப்புத் தண்ணீரான சலைனில் கலந்தால் மருந்து சிதைந்துவிடும். அறையில் ஏசி ஓடும், ஆகவே முழுக்கைச் சட்டை, சாக்ஸ், ஒரு போர்வை எடுத்துக்கொண்டு போங்கள். வாய்ப்புண் வராமல் இருக்க ஐஸ் கட்டி சுவைக்கச் சொல்லும் வழக்கம் வேறு சில கீமோக்களில் உண்டு. இந்த மருந்து ஏறும்போது அது கூடவே கூடாது, குளிர் பட்டால் நரம்புக் கூச்சம் கூடும்.

ஊசி ஏறும் இடம் எரிந்தாலோ வலித்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து ரத்த நாளத்துக்கு வெளியே கசிந்திருக்கலாம். அதற்கும் ஐஸ் ஒத்தடம் வைத்துவிடாமல் அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். இன்னொன்று ஒவ்வாமை. முதல் சில முறை ஒன்றும் ஆகவில்லை, இனி பயமில்லை என்று நினைப்பது இயல்பு, ஆனால் இந்த மருந்தில் ஒவ்வாமை பல சைக்கிள், அதாவது பல சுற்று ஊசி, கழித்தும் வரும். உள்ளங்கை அரிப்பு, முகம் சிவந்து சூடாவது, நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது, இவற்றில் எது தோன்றினாலும் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குளிரின் வேலை தெரியும். ஃப்ரிட்ஜுக்குள் கைவிட்டுப் பாட்டிலைத் தொட்ட கணமே விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்தது போல் சுருக்கென்று இருக்கும், பாட்டிலைப் போட்டுவிடுவீர்கள். குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகும், முதல் கவளத்தில் தாடை பிடித்துக்கொள்ளும். இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கி, பெரும்பாலும் அடுத்த ஊசிக்குள் அடங்கிவிடும். அதுவரை குடிப்பது, குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில். ஃப்ரிட்ஜைத் திறக்கக் கையுறை போடுங்கள், முடிந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். குளிர்காற்றில் வெளியே போனால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

சிலருக்குத் தொண்டையில் மூச்சே போகாதது போன்ற உணர்வு வரும், நிஜமாகவே பயமுறுத்தும். குளிரால் வரும் நரம்புக் கூச்சம் என்றால் பெரும்பாலும் காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், வெதுவெதுப்பான இடத்துக்கு வந்து நிதானமாக மூச்சு விட்டால் தணியும். ஆனாலும் இதுதானா, ஒவ்வாமையா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மூச்சில் இரைச்சல், உடலில் தடிப்பு, நாக்கு அல்லது உதடு வீக்கம் என்றால் போனுக்குக் கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அப்புறம் நரம்பு பாதிப்பில் இரண்டாவது வகை, மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே வரும் மரத்துப்போதல். மருந்தின் மொத்த அளவு கூடக்கூட இது கூடும், குளிரே இல்லாத நாளிலும் இருக்கும். இதை நாமே கண்டுபிடிக்கலாம். காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது விரல் பொத்தானைத் துளைக்குள் தள்ளிவிட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறதா? செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் இரண்டு அடி நடந்துவிட்டீர்களா? கையெழுத்து மாறியிருக்கிறதா? இதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைத்து, அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் பலர் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆக்ஸாலிபிளாட்டினைக் குறைத்தோ நிறுத்தியோ மற்ற மருந்துகளை மட்டும் தொடர்வது வழக்கத்தில் இருக்கும் முறைதான், அதனால் சிகிச்சை கைவிட்டுப் போய்விடாது. நரம்பு கெட்டால் சிலருக்கு அது வருடக்கணக்கில் நீடிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குமட்டலுக்குத் தந்த மாத்திரையை வாந்தி வரும்வரை காத்திருக்காமல் சொன்ன நேரத்தில் போடுங்கள். வெள்ளையணு குறையும் என்பதால் வெப்பமானி வீட்டில் இருக்கட்டும்: 38 டிகிரி செல்சியஸ் தொட்டால், அது நள்ளிரவானாலும், பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் உடனே மருத்துவமனை. நிற்காத வயிற்றுப்போக்கு, ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், புதிதாக வந்த வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல், கடும் தலைவலியோடு குழப்பம் அல்லது பார்வை மங்கல், இவையும் காத்திருக்கக் கூடியவை அல்ல. ரத்த அணுக்கள் குறைவாக இருந்து ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனால் மனம் தளர வேண்டாம், அது அடிக்கடி நடப்பதுதான்.

ஊசி முடிந்து 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி, மலத்தில் மருந்தின் மிச்சம் இருக்கும். துடைப்பவர்கள் கையுறை போட வேண்டும், கழிப்பறை மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலை அவருக்கு வேண்டாம்.

கடைசி ஊசி முடிந்த பிறகு மரத்துப்போதல் இன்னும் சில மாதம் கூடலாம் என்பதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. பின்பு பெரும்பாலானவர்களுக்கு மெல்லக் குறையும். வலியும் சேர்ந்திருந்தால் டுலாக்ஸெட்டின் என்ற மாத்திரை ஓரளவு உதவும், மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். நரம்புக்கு நல்லது என்று கடையில் விற்கும் அசிட்டைல் எல்-கார்னிடினைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், வேறொரு வகைக் கீமோ எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வில் அது பாதிப்பைக் கூட்டியது. உணர்ச்சி திரும்பும்வரை குளிக்கும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைத் தினமும் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுப் படுங்கள்.