குட்டிக் கம்பைலர் எழுதுகிறீர்களா? முதலில் பெயர்களை ஒழுங்கு செய்யுங்கள்

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர்களிலும் எங்கள் திருகோணமலையின் கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிப்பவர்களிலும் ஒரு கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் நிரல்) எழுதிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. உரையைச் சொல் துண்டுகளாக வெட்டும் லெக்சர், அவற்றை மரமாக அடுக்கும் பார்சர் பற்றி வாசிக்க வேண்டிய மட்டும் கிடைக்கிறது. மாறிக்கும் ஃபங்ஷனுக்கும் என்ன பெயர் வைப்பது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. மற்ற நிரல்களில் பெயர் கொஞ்சம் சொதப்பினாலும் சமாளித்துவிடலாம். கம்பைலரில் ஒரே பொருள் ஐந்து வேஷத்தில் வரும். அங்கே சமாளிப்பு எடுபடாது.

உதாரணத்துக்கு, மீன் சந்தைக் கணக்குக்கென்று ஒரு சின்ன மொழியை வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வரி:

விலை = அறக்குளா * 1800 + ஐஸ்

இந்த மொழிக்கான கம்பைலரைப் பைதானில் எழுதுகிறோம். பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் கீழே எல்லாப் பெயர்களையும் தமிழிலேயே தருகிறேன்.

படி 1: எழுதும் மொழியின் வழக்கத்தைப் பாருங்கள்

பைதானுக்கு 2001 முதல் பெப் 8 என்ற எழுத்துநடை வழிகாட்டி இருக்கிறது. மாறியும் ஃபங்ஷனும் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. கிளாஸ் என்றால் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். ரஸ்ட் மொழியில் வழக்கத்தை மீறினால் கம்பைலரே எச்சரிக்கும். கோ மொழியில் இது வெறும் அழகு விஷயம்கூட இல்லை: முதல் எழுத்து பெரிதாக இருந்தால்தான் அந்தப் பெயர் பேக்கேஜுக்கு வெளியே தெரியும். இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பெரிய கம்பைலர்கள் ஆளுக்கொரு வழி. ஜிசிசி சிறிய எழுத்தும் அடிக்கோடும். எல்எல்விஎம்மில் ஃபங்ஷன் சிறிய எழுத்தில் தொடங்கும், மாறி பெரிய எழுத்தில் தொடங்கும். அதே திட்டத்துக்குள் எல்எல்டிபி என்ற பிழைதேடும் கருவி வேறு பாணி. அதனால் அடுத்தவர் கோப்பில் கை வைக்கும்போது அந்தக் கோப்பில் என்ன பாணி இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

படி 2: எந்தக் கட்டத்துப் பொருள் என்பதைப் பெயரிலேயே சொல்லுங்கள்

முக்கியமான படி இதுதான். மேலே உள்ள வரியில் 'ஐஸ்' என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போங்கள்:

ஐஸ்_உரை: கோப்பில் உள்ள வெறும் எழுத்துகள்
ஐஸ்_டோக்கன்: லெக்சர் வெட்டித் தந்த துண்டு, வரி எண்ணோடு
ஐஸ்_நோட்: பார்சர் கட்டிய மரத்தில் அதன் இடம்
ஐஸ்_பதிவு: குறியீட்டு அட்டவணையில் (அறிவித்த பெயர்களையெல்லாம் கம்பைலர் பதிந்து வைக்கும் பட்டியல்) அதன் வகையும் விவரமும்
ஐஸ்_இடம்: ஓடும்போது மதிப்பு உட்காரும் நினைவக முகவரி

ஐந்தையும் 'பெயர்' என்றே அழைத்தால் என்ன ஆகும்? அட்டவணையில் உரையைச் சாவியாக வைத்துப் பதிந்திருப்பீர்கள். தேடும்போது டோக்கனைக் கொடுத்துவிடுவீர்கள். தனியாக ஒப்பீடு எழுதாத கிளாஸ் என்றால் டோக்கனும் உரையும் பைதானுக்கு ஒருபோதும் சமம் ஆகாது. பிழையும் வராது, வெறுமனே "கிடைக்கவில்லை" என்ற பதில்தான். உங்கள் கம்பைலரோ, முந்தைய வரியிலேயே அறிவித்த மாறியைப் பார்த்து "அறிவிக்கப்படாத மாறி" என்று சாதிக்கும். அட்டவணை.get(பெயர்_டோக்கன்) என்று எழுதியிருந்தால் வாசிக்கும்போதே கண்ணில் குத்தியிருக்கும்.

இன்னொன்று: ஒரு பொருளுக்கு ஒரே பெயர். எங்கள் ஊரைத் திருகோணமலை, திருமலை, ட்ரிங்கோ என்று எப்படிச் சொன்னாலும் பஸ் சரியான இடத்துக்குத்தான் வரும். நிரலில் நோட், கணு, முடிச்சு மூன்றையும் கலந்தால் வாசிப்பவர் அவை மூன்று வேறு பொருள்கள் என்றுதான் நினைப்பார்.

படி 3: ஃபங்ஷனுக்கு வினை, அதுவும் சரியான வினை

கிளாஸுக்குப் பெயர்ச்சொல், ஃபங்ஷனுக்கு ஏவல்வினை என்பது பொது விதி. பார்சரில் அது மட்டும் போதாது. அடுத்த_டோக்கன்() என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது டோக்கனைக் காட்டிவிட்டு அப்படியே நிற்குமா, எடுத்துக்கொண்டு ஒரு படி முன்னேறுமா? பெயரைப் பார்த்தால் தெரியாது. இரண்டாகப் பிரியுங்கள்:

எட்டிப்பார்(): காட்டும், நகராது
எடு(): தரும், நகரும்
கட்டாயம்_எடு(வகை): அந்த வகை இல்லையென்றால் பிழை சொல்லும்

இந்த வேறுபாடு தெளிவாக இல்லாவிட்டால், கூட்டல் குறியை இரண்டு தடவை விழுங்கிவிட்டு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். உண்மை-பொய் திருப்பித் தருபவற்றுக்குக் கேள்வி வடிவம் நல்லது: எண்ணா(), முடிந்ததா(). தமிழில் பெயர் வைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இந்த 'ஆ'.

தமிழில் வினை கடைசியில் வரும். ஆனால் எடிட்டரின் தானியங்கிப் பட்டியல் பெரும்பாலும் முதல் எழுத்திலிருந்துதான் தேடும். ஆகவே கூட்டலைப்_படி என்பதைவிட படி_கூட்டல், படி_பெருக்கல், படி_எண் என்று வையுங்கள். இலக்கணம் கொஞ்சம் முறைக்கும். பரவாயில்லை, 'படி_' என்று தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

படி 4: சுருக்கம்

சி மொழியின் 1989 தரம், கோப்புகளுக்கிடையே பகிரும் பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்கு மட்டும்தான் உத்தரவாதம் தந்தது. 1999இல் அது 31 ஆனது. மொட்டையான பழைய பெயர்களுக்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு அந்த நெருக்கடி இல்லை. மூன்று வரி ஃபங்ஷனுக்குள் இ, வ போன்ற ஓரெழுத்துப் பெயர்கள் போதும். கோப்பு முழுவதும் வரும் பெயரை முழுசாக எழுதுங்கள்.

படி 5: தமிழ்ப் பெயர்களில் இரண்டு கண்ணிகள்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. பெப் 8 சொல்லும் கிளாஸ் வேறுபாட்டை விகுதியால் காட்ட வேண்டியதுதான்: கூட்டல்_நோட், எண்_நோட்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. 'பௌதிக_ரெஜிஸ்டர்', 'பெளதிக_ரெஜிஸ்டர்' இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும். பல எழுத்துருக்களில் துளி வித்தியாசம் தெரியாது. பைதானுக்கோ இரண்டும் வெவ்வேறு மாறிகள். 'ொ' அப்படி இல்லை. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் பைதான் ஒன்றாக்கிக்கொள்ளும். ஆனால் இந்தச் சலுகை உங்கள் பைதான் நிரலுக்கு மட்டும்தான். மீன் மொழியில் பயனர் எழுதும் பெயர்கள் வெறும் உரையாக உள்ளே வருகின்றன. அவற்றை லெக்சரிலேயே யூனிகோட் நெறிப்படுத்தல் (ஒரே எழுத்தைப் பல விதமாகத் தட்டியிருந்தாலும் ஒரே வடிவமாக்குவது) செய்துவிட்டு அட்டவணைக்கு அனுப்புங்கள்.

படி 6: கம்பைலர் தானே உண்டாக்கும் பெயர்கள்

அறக்குளா * 1800 என்பதன் விடையை எங்காவது வைக்க வேண்டுமே? கம்பைலர் 'தற்1' என்று பெயர் வைத்தால், பயனரும் 'தற்1' என்று எழுதிய அன்று இரண்டும் மோதும். உங்கள் லெக்சர் ஏற்காத ஒரு குறியை உள்ளே சேருங்கள்: தற்.1 அல்லது %தற்1. ஜிசிசியும் தன் தற்காலிக மாறிகளில் இப்படிப் புள்ளி வைக்கிறது.

படி 7: பெயர் மாற்றுவது

இருக்கிற நிரலைத் திருத்துவதாக இருந்தால் தேடி-மாற்று வேண்டாம். 'எண்' என்பதை மாற்றப் போய் 'எண்ணா'வும் மாறிவிடும். விஎஸ் கோடில் பெயரின் மேல் கர்சரை வைத்து எஃப்2 அழுத்துங்கள். மாற்றிய பெயர்களைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள். வேறு எந்தத் திருத்தத்தையும் அதோடு சேர்க்காதீர்கள். அப்புறம் ஏதாவது உடைந்தால், பெயரால் உடைந்ததா, தர்க்கத்தால் உடைந்ததா என்று பிரித்துப் பார்க்க அதுதான் எளிய வழி.