மெட்டோபோசாரிடே: அழிந்துபோன ஓர் இருவாழ்விக் குடும்பத்தைப் படித்தறிவது எப்படி?

இருவாழ்வி என்றதும் நமக்குத் தவளையும் தேரையும்தான் நினைவுக்கு வரும். டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், அதாவது ஏறத்தாழ 23.7 கோடி முதல் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, முதலையைப் போல 3 மீட்டர் நீளம் வரை வளர்ந்த இருவாழ்விகள் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்ந்தன. அவற்றில் ஒரு குடும்பம் மெட்டோபோசாரிடே. தொல்லுயிரியலில் முதல் அடி எடுத்து வைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் கருத்து. அடையாளம் தெளிவானது, புதைபடிவங்கள் ஏராளம், இந்தியாவிலும் ஓர் உறுப்பினர் உண்டு.

ஒரு நோட்டு, பென்சில், உலக வரைபடம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் பாறையின் வயதைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் பலரும் திருவக்கரைக்குப் போய்க் கல்மரங்களைப் பார்த்திருப்பார்கள். "இங்கேயே தோண்டினால் இந்தப் பழைய விலங்குகளும் கிடைக்குமா?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். கிடைக்காது. காரணத்தைப் புரிந்துகொண்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

திருவக்கரை மரங்கள் கிடக்கும் அதே பாறைத்தொகுதிதான் கடலூர் கேப்பர் மலையின் சிவந்த மணற்கல். புவியியலாளர்கள் அதைக் 'கடலூர் மணற்கல்' என்றே அழைக்கிறார்கள். அதன் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்தான். புதுச்சேரிக்கு மேற்கே சேதராப்பட்டு, வழுதாவூர் பக்கம் அதைவிடப் பழைய பாறைகள் உண்டு. அவை கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை, சுமார் 7 கோடி ஆண்டு வயது. ஆனால் அவை கடலடியில் படிந்தவை. அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் ஓடுகளுக்குப் பேர்போனவை. மெட்டோபோசாரிடே குடும்பமோ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது, வாழ்ந்ததும் நன்னீரில். வயதும் சூழலும் இரண்டுமே பொருந்தவில்லை.

நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்: காலம், பிற்கால டிரையாசிக். சூழல், ஆறும் ஏரியும். (திருவக்கரை பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது.)

படி 2: மண்டையோட்டை வரையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மேலிருந்து பார்ப்பதுபோல, முன்பக்கம் வளைந்த, மிகத் தட்டையான மண்டையோடு ஒன்றை வரையுங்கள். வளர்ந்த விலங்கில் அது அரை மீட்டரைத் தாண்டும். இப்போது கண்குழிகளை எங்கே வைப்பது? நடுவிலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். முன்பாதியில், மூக்குத்துளைகளுக்கு அருகே வையுங்கள். இதுதான் இந்தக் குடும்பத்தின் தலையாய அடையாளம். இதே போலத் தட்டைத் தலை கொண்ட கேப்பிட்டோசார் கூட்டத்தில் கண்கள் தலையின் பின்பகுதியில் இருக்கும். படத்தைப் பார்த்தவுடனே இரண்டையும் பிரிக்க இந்த ஒரு குறிப்பு போதும்.

அடுத்து எலும்பின் மேற்பரப்பு. நடுவில் சிறு குழிகள், அவற்றைச் சுற்றி நீண்டு ஓடும் வரிப்பள்ளங்கள் என நெருக்கமான வேலைப்பாடு இருக்கும். அதனூடே சற்று அகலமான, வழவழப்பான வாய்க்கால்களும் தெரியும். நீரின் அசைவை உணரும் உறுப்புகள் இருந்த தடங்கள் அவை. மீன்களின் பக்கக்கோடு செய்யும் வேலையையே அவையும் செய்தன. விலங்கு பெரும்பாலும் நீரிலேயே காலம் கழித்தது என்பதற்கு அதுவே சாட்சி.

மண்டையோட்டின் பின்புறம் கழுத்தோடு பொருந்தும் முண்டுகள் இரண்டு இருக்கும். இன்றைய தவளைக்கும் இரண்டுதான். முன்னங்காலில் நான்கு விரல்கள், தவளைக்கும் அப்படியே. முதுகெலும்பின் உருளைத் துண்டுகளோ காசுகளை அடுக்கி வைத்ததுபோல வட்டமாக இருக்கும். மார்புக்கு அடியில் அகன்ற எலும்புத் தகடுகள். களத்தில் மண்டையோட்டை விட அதிகம் கிடைப்பவை இந்த வட்டுகளும் தகடுகளும்தான்.

படி 3: பெரிய குழுவிலிருந்து சிறியதற்கு இறங்குங்கள்

நான்கு கால் முதுகெலும்பிகள் (டெட்ராபாட்), அதற்குள் டெம்னோஸ்பாண்டைலி என்ற பழங்கால இருவாழ்விகளின் பெரிய குழு, அதற்குள் ஸ்டீரியோஸ்பாண்டைலி, அதற்குள் டிரெமட்டோசார் கிளை, அதற்குள் மெட்டோபோசாரிடே. ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். தவளைகளும் டெம்னோஸ்பாண்டைலியிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் வேறொரு கிளையிலிருந்து. ஆகவே மெட்டோபோசாரைத் தவளையின் பாட்டன் என்று எழுதிவிடாதீர்கள், தூரத்துப் பங்காளி என்றால் சரி.

படி 4: பெயர்களின் வரலாற்றைத் தொடருங்கள்

தொடக்கநிலையினர் திணறுவது இங்கேதான். 1842இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் மையர் இந்தக் குடும்பத்தின் முதல் விலங்குக்கு 'மெட்டோபியாஸ்' என்று பெயரிட்டார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுக்கு இருந்தது. விலங்குகளில் ஒரே பேரினப் பெயர் இரண்டுக்கு இருக்கக் கூடாது. எனவே 1890இல் லைடெக்கர் 'மெட்டோபோசாரஸ்' என்று மாற்றினார். குடும்பப் பெயரை 1919இல் வாட்சன் அமைத்தார்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1922இல் கேஸ் என்ற ஆய்வாளர் வைத்த 'பட்னேரியா' என்ற பெயர் ஒரு பூச்சிக்கு உரியது என்று தெரிந்து 'கோஸ்கினோனோடன்' ஆனது. பிறகு 2019இல், அது 1905இல் பிரான்சன் விவரித்த 'அனாஸ்கிஸ்மா'வே என்று மறு ஆய்வு முடிவு சொன்னது. முந்திய பெயருக்கே உரிமை என்பதால் இன்று அதுவே வழங்குகிறது. பழைய நூல்களில் மூன்று பெயர்களையும் காண்பீர்கள். ஒரே வரியில் மூன்றையும் ஆண்டோடு எழுதி வைத்தால் குழப்பம் தீரும்.

போலந்தின் கிராசியேவ் புதைபடிவம் 2002இல் ஜெர்மன் இனத்தின் துணையினமாகத்தான் அறிவிக்கப்பட்டது. பின்னர் தனி இனமாக உயர்ந்தது. எலும்பு அதேதான், அதை எடைபோட்ட அளவுகோல் மாறியது. இந்தக் குடும்பத்தில் கண்குழி விளிம்பை லாக்ரிமல் என்ற சிறு எலும்பு தொடுகிறதா இல்லையா என்பதை வைத்தே பேரினங்களைப் பிரித்து, அதன்மேல் நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாமல், எந்த எலும்பை வைத்து அந்தப் பெயர் வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

படி 5: வரைபடத்தில் புள்ளி வையுங்கள்

ஜெர்மனி, போலந்து, போர்ச்சுகலின் அல்கார்வ், மொராக்கோ (டுடுயிட்டோசாரஸ், அர்கனாசாரஸ்), மடகாஸ்கர், அமெரிக்காவின் தென்மேற்கு, பிறகு இந்தியா. அன்று நிலமெல்லாம் பாஞ்சியா என்ற ஒரே கண்டம். இன்று கடல் பிரிக்கும் புள்ளிகள் அன்று ஒரே நிலத்தில் இருந்தவை.

நம் புள்ளி தெலங்கானாவில், பிராணஹிதா–கோதாவரி படுகையின் மலேரிப் பாறைத்தொகுதியில் விழும். சிவந்த களிமண் பாறைகள், இடையிடையே மணற்கல். அங்கே கிடைத்த விலங்கை 1965இல் ராய் சவுத்ரி 'மெட்டோபோசாரஸ் மலேரியென்சிஸ்' என்று விவரித்தார். அரை நூற்றாண்டு கழித்துச் சக்ரவர்த்தியும் சென்குப்தாவும் அதைப் 'பாந்தாசாரஸ்' என்ற தனிப் பேரினமாக்கினார்கள். அதே படிவுகளில் நுரையீரல் மீன்களின் பற்கள், முதலை போன்ற பாராசூகஸ், அலகுவாய் கொண்ட ஹைப்பரோடபெடான் ஆகியவையும் உண்டு. உடன் கிடைத்தவற்றையும் எழுதுங்கள், பாறையின் வயதை ஒப்பிட அவை உதவும்.

படி 6: பதிவை அப்படியே நம்பிவிடாதீர்கள்

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சிறிய எலும்பு என்றால் சிறிய இனம் என்று பொருளல்ல. அமெரிக்காவின் 'அப்பாச்சிசாரஸ்' குள்ள மெட்டோபோசார் என்று 1993இல் பெயர் பெற்றது. அதற்கு உரியவை எனப்பட்ட சிறு முதுகெலும்பு வட்டுகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவை பெரிய இனங்களின் குட்டிகளுடையவையாக இருக்கலாம் என்று 2017இல் தெரிந்தது.

இரண்டு, எலும்புக் குவியல்கள். மொராக்கோ, அல்கார்வ், நியூ மெக்சிகோவின் லேமி போன்ற இடங்களில் இவை கூட்டமாகக் கிடக்கின்றன. குளம் வற்றி, கடைசிச் சேற்றில் ஒதுங்கி மடிந்தன என்பது வழக்கமான விளக்கம். லேமிக்கு இது பொருந்தாது என்று பின்னாளில் மறுத்தவர்கள் உண்டு. குவியலைக் கண்டவுடன் வறட்சி என்று எழுதிவிடாமல், எலும்புகள் மூட்டோடு இருக்கின்றனவா, நீரோட்டத்தில் அடுக்கப்பட்டனவா என்று பாருங்கள்.

படி 7: பயிற்சி

மலேரியின் கீழ் அடுக்கில் மெட்டோபோசார்கள் இருக்கின்றன. மேல் அடுக்கில் அவை இல்லை, அந்த இடத்தில் சிகுட்டிசாரிடே என்ற வேறு குடும்பம் வந்துவிடுகிறது. 1995இல் சென்குப்தா பெயரிட்ட காம்ப்சோசெராப்ஸ், குட்டிசெஃபாலஸ் இரண்டும் அதைச் சேர்ந்தவை. பின்னதன் பெயர், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தொல்லுயிரியலாளர் டி. எஸ். குட்டியை நினைவுகூர்வது. பாந்தாசாரஸ், காம்ப்சோசெராப்ஸ் ஆகிய இரண்டின் மண்டையோட்டுப் படங்களைத் தேடி எடுத்து, படி 2இல் சொன்ன ஒவ்வொரு குறிப்பையும் இரண்டிலும் ஒப்பிட்டு வரையுங்கள். கண்குழியில் தொடங்குங்கள். காம்ப்சோசெராப்ஸின் தலைப் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு போன்ற எலும்புகளையும் விட்டுவிடாதீர்கள்.