படப் புத்தகத்தை வைத்துப் பாகுபாடு, பயம் பற்றிப் பேசுவது எப்படி?

ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது. வீட்டிலும், விடுமுறையில் எங்கள் மொட்டை மாடியில் கூடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் செய்து பார்த்து, சரியாக வருவதை மட்டும் எழுதுகிறேன்.

1. புத்தகம்

நிறம் வேறாக இருக்கும் ஒரு பறவையை மற்ற பறவைகள் ஒதுக்கும். வேடன் வரும்போது அதுதான் கூட்டத்தைக் காப்பாற்றும். அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். இந்த மாதிரிக் கதைகள் கடையில் குவிந்து கிடக்கின்றன, வாங்காதீர்கள். உபகாரம் செய்தால்தான் மதிப்பு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். நிஜ மனிதர்கள் வரும் புத்தகம் மேல்.

நான் தொடங்குவது ரூபி பிரிட்ஜஸ் கதையில். 1960 நவம்பர் 14 அன்று, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்கு ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி போகிறாள். வாசலில் கூட்டம் கத்துகிறது. மத்திய அரசின் மார்ஷல்கள் காவலுக்கு வருகிறார்கள். அந்த வருடம் முழுக்க வகுப்பில் அவளும் ஆசிரியை பார்பரா ஹென்றியும் மட்டும்தான்.

அச்சுப் புத்தகமே வேண்டும். டேப்லெட்டில் விரல் பட்டால் பக்கம் ஓடிவிடும். யாரோ வாசித்துக் காட்டும் வீடியோவை ஒவ்வொரு படத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசுவது தொல்லை. செலவு இடித்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும், இறக்கி அச்செடுங்கள்.

2. எழுத்தை மறையுங்கள்

ஒட்டுத்தாள் போதும். முதல் சுற்றில் படம் மட்டும். "என்ன நடக்குது?" "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" இந்த இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். கூட்டத்தைப் பார்த்துவிட்டு "திருவிழாவா?" என்று கேட்டால் திருத்தாதீர்கள். ரூபியே அன்றைக்கு அதை மார்டி கிரா திருவிழா என்றுதான் நினைத்தாளாம்.

3. "அவங்க கெட்டவங்க"

எல்லோரும் சிக்குவது இங்கேதான். இதைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கதை முடிந்தது. நமக்கும் அதுதான் பாடம் என்று தோன்றும், தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போவோம். போகாதீர்கள். கத்துகிற ஒரு முகத்தில் விரலை வைத்து, "இவங்களுக்கு என்ன பயம்?" என்று கேளுங்கள். ஆறு வயதுச் சிறுமியைப் பார்த்து இத்தனை பெரியவர்கள் பயப்படுவது பிள்ளைகளுக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும். சிரிக்கட்டும். "தன் பிள்ளை அவ பக்கத்துல உட்கார்ந்தா என்ன ஆயிடும்னு நினைச்சிருப்பாங்க?" என்று அடுத்ததைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் நீளும். நீங்கள் நிரப்ப வேண்டாம்.

இதற்கு நார்மன் ராக்வெல் 1964இல் வெளியிட்ட ஓவியத்தையும் காட்டுவேன். மார்ஷல்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டையில் ரூபி நடக்கிறாள். பின்னால் சுவரில் எறிந்த தக்காளியின் கறை. கூட்டமே படத்தில் இல்லை. "கத்துறவங்க எங்கே நிக்கறாங்க?" என்று தேடவிடுங்கள். "நாம நிக்கிற இடத்துல" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். சுவரில் ஒரு வசைச்சொல்லும் இருக்கிறது. கேட்டால், கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் சொல், நாம் சொல்வதில்லை என்று சொன்னால் போதும்.

4. ஊருக்குத் திரும்புங்கள்

அமெரிக்காவோடு நிறுத்தினால் பாகுபாடு வெள்ளைக்காரர்களின் நோய் என்றாகிவிடும். அடுத்த முறை அம்பேத்கரின் பள்ளி நாட்கள். உட்காரக் கோணிச் சாக்கை வீட்டிலிருந்து கொண்டுபோனார். குழாயைத் தொடக்கூடாது; பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம்தான். அதே கேள்வி: குழாயை அவர் தொட்டால் என்ன ஆகும் என்று பயந்தார்கள்?

பின்சேர்க்கை: அம்பேத்கர் கதை முடிந்ததும் பிள்ளை "நாம என்ன சாதி?" என்று கேட்கிறது, என்ன சொல்ல என்று சிலர் எழுதியிருந்தீர்கள். "பெரியவனானா தெரியும்" என்று மழுப்பினால் பேசவே பயப்பட வேண்டிய விஷயம் என்று அதற்குப் பதிந்துவிடும். உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் குடும்பம் குழாயைத் திறந்துவிடும் பக்கம் இருந்ததா, காத்து நின்ற பக்கமா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சு வேண்டாம் என்று ஒருவர் எழுதினார். இருக்கும்போதுதான் நல்லது, அவர்களிடமும் கதை இருக்கும்.