டர்போவை மாற்றச் சொன்னால், முதலில் ஆயிலைப் பாருங்கள்

தேனி மாவட்டக் கூடலூரில் டீசல் வண்டிதான் என் பிழைப்பு. லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறுகிற வண்டி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற வண்டி, கார்த்திகை மாதம் வந்தால் ஐயப்ப சாமிகளின் வண்டி. ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கமிருந்து வருகிறவர்கள் இறங்கும்போதே, “அண்ணே, டர்போ போயிருச்சாம், மாத்தணுமாம்” என்பார்கள். டர்போ என்பது எக்சாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஃபேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? டர்போ பெரும்பாலும் அம்புதான். எய்தவன் ஆயில் ஓடும் வழியில் எங்கேயோ உட்கார்ந்திருப்பான். அவனைப் பிடிக்காமல் புது டர்போ போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

சின்ன டீசல் காரில் டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். பெரும்பாலான கார்களில் அதற்குப் பால் பேரிங் கிடையாது. மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்துகொண்டேதான் சுற்றும். அந்தப் படலம் கொஞ்ச நேரம் அறுந்தாலும் உலோகத்தோடு உலோகம் உரசிவிடும்.

முதலில் புகையின் நிறம். ஏற்றத்தில் கரும்புகை, பிக்கப் இல்லை என்றால் டர்போவைத் தொடவே தொடாதீர்கள். காற்று போதவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். டர்போ தள்ளும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்லை ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் கிழிசல் இருக்கும் இடத்தில் கருப்பு எண்ணெய் ஒட்டும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கம் டியூபில் விரிசல் விட்டாலும், இதழ்கள் திரும்பி அழுத்தத்தை மாற்றும் விஜிடி வகை டர்போவில் கரி பிடித்து உள் இதழ்கள் சிக்கினாலும் இதே கதைதான். இதெல்லாம் சில்லறை வேலை.

நீலப் புகைதான் ஆயில் எரிகிற புகை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது, அல்லது இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும்போது பின்னால் நீலமாக வந்தால் கவனியுங்கள். கூடவே சத்தம். லேசான விசில் எல்லா டர்போவிலும் உண்டு. அது நாளுக்கு நாள் கூடி ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஃபேன் ஹவுசிங்கில் உரசுகிறது.

இன்ஜினை நன்றாக ஆறவிட்டு, ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே லேசாக ஆயில் பூசியிருந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் பைப் அங்கேதான் வந்து சேர்கிறது. குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் சந்தேகம். ஃபேனின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆயில் நிற்பதற்கான இடைவெளி அது. ஆனால் அசைக்கும்போது ஃபேன் சுவரில் தட்டக் கூடாது. அடுத்து உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்கு ஆட்டம் தெரிந்தாலே ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் முடிந்தது. இதழ்களின் ஓரம் மணல் தீட்டியது போல் மெலிந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது என்று பொருள்.

ஆட்டமும் சரி, உரசலும் இல்லை, ஆனாலும் டர்போ ஆயிலைக் கக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். டர்போவுக்குள் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற சின்ன இரும்பு வளையம். உள்ளே வந்த ஆயில் தன் எடையிலேயே கீழே வழிந்து, இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பினால்தான் அது தாங்கும். ரிட்டர்ன் பைப்பில் சகதி அடைத்தாலோ, பைப் நசுங்கினாலோ ஆயில் தேங்கி இரண்டு பக்கமும் வழியும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றாலும் அப்படித்தான். பிஎஸ்6 டீசல் வண்டியில், புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்வது பாதியில் நின்று நின்று ஆயிலில் டீசல் கலக்கும். ஊற்றாமலே அளவு கூடியிருந்தால் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள்.

இன்னொன்று பேக் கம்ப்ரஷன், அதாவது இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் அழுத்தம். ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை எந்த டர்போவைப் போட்டாலும் ஆயில் இறங்காது. இதைப் பார்க்காமல் டர்போவுக்கு விலை சொல்கிற மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ஷாஃப்ட் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், ஆயில் வரும் பைப்பைக் கழற்றுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கரி கட்டியிருக்கும். மெனக்கெட்டுச் சுத்தம் செய்வதைவிடப் புதுப் பைப்பே மேல். சில இன்ஜின்களில் அந்தப் பைப்பை மாட்டும் ஓட்டையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்குள் குட்டி வலை ஒன்று இருக்கும், அதை மறக்காதீர்கள். பழைய டர்போவின் கோரை, அதாவது ஷாஃப்டும் பேரிங்கும் இருக்கும் நடுப்பகுதியைப் பிரித்தால் காரணம் தெரிந்துவிடும். ஷாஃப்ட் நீலம் பாரித்திருந்தால் ஆயில் வரவில்லை. கோடு கோடாகக் கீறியிருந்தால் அழுக்கு ஆயில். கரி படிந்திருந்தால் சூட்டோடு சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். முழு மிதியில் மலை ஏறியவுடன் டீக்கடையில் டக்கென்று அணைப்பவர்களின் வண்டியில் இந்தக் கரியைப் பார்க்கலாம். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். செக்போஸ்ட்டில் ஊர்ந்து வந்தவருக்கு அதுவும் தேவையில்லை, ஏற்கெனவே ஆறியிருக்கும். பீருமேட்டுக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆன உடனே உறுமவிடுவதும் கூடாது. ஆயில் மேலே ஏறி வர நேரம் கொடுங்கள்.

புது டர்போ மாட்டும்போது ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்றுங்கள். கிரேடு கைப்புத்தகத்தில் போட்டிருப்பதுதான், கடைக்காரர் சொல்வது இல்லை. ஆயில் உள்ளே வரும் ஃபீட் பக்கத்தில் சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள், பிசிர் உடைந்து ஓட்டையை அடைக்கும். டர்போவின் ஆயில் ஓட்டையில் புது ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டுப் பைப்பை மாட்டுங்கள். பிறகு இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி வைத்துச் செல்ஃப் அடித்து, ரிட்டர்னில் ஆயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலை வடிக்காமல் விட்டால் ஆபத்து. இன்ஜின் அந்த ஆயிலைக் குடித்துத் தானாகவே ரெய்ஸ் ஆகும், சாவியை எடுத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்குள் காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் உண்டு. கையையோ துணியையோ கொண்டு போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும். ஏற்கெனவே உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தால் எல்லோரையும் தூர நிறுத்திவிடுங்கள். இன்ஜின் போனால் போகட்டும்.