பாகுபாடு காட்டும் விளம்பரமா? ‘ரிப்போர்ட்’ பொத்தானைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டைப் பற்றி ஒரே வரி. குடிவருபவர் என்ன மதமாக இருக்க வேண்டும் என்று மூன்று வரி. வந்த கோபத்தில் அங்கேயே ரிப்போர்ட் பொத்தானை அமுக்கினேன், விளம்பரம் மறைந்துவிட்டது, வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். உண்மையில் அது என் திரையிலிருந்து மட்டும்தான் மறைந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து அந்தத் தளத்திலிருந்து விளம்பரத்தின் இணைப்பைக் கேட்டு மின்னஞ்சல் வந்தது. கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை, புகார் அதோடு முடிந்தது.

1. இது பாகுபாடுதானா?

நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: போட்டிருக்கும் நிபந்தனை வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? ‘கனரக வாகன உரிமம் வேண்டும்’ என்பது வேலையைப் பற்றியது. ‘ஆண்கள் மட்டும்’ என்பது ஆளைப் பற்றியது. மதம், சாதி, இனம், பால், வயது, உடற்குறைபாடு, திருமண நிலை இவற்றில் ஏதாவது ஒன்றோடு ‘மட்டும்’ அல்லது ‘வேண்டாம்’ ஒட்டிக்கொண்டு வந்தால் நின்று பாருங்கள்.

நேரடியாக எழுதுபவர்களைப் பிடிப்பது சுலபம், சுற்றி வளைத்து எழுதுபவர்கள்தான் சிக்கல். ‘சரளமாகப் பேச வேண்டும்’ என்றால் சரி, ‘அதுவே தாய்மொழியாக இருக்க வேண்டும்’ என்றால் பிறப்பைக் கேட்கிறார்கள். ‘இளமைத் துடிப்புள்ள குழுவுக்கு ஆள் தேவை’ என்பதில் வயது ஒளிந்திருக்கிறது. அதே சமயம் எல்லாவற்றையும் புகார் செய்துவிடாதீர்கள். பெண் வேடத்துக்கு நடிகை தேடுவது பாகுபாடு ஆகாது, ‘பெண்களும் விண்ணப்பிக்கலாம்’ என்பதும் ஆகாது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பத்திரிகைகள் வேலை விளம்பரங்களை ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி என்று பிரித்தே அச்சிட்டன. அப்படிப் பிரிப்பது எங்கள் பத்திரிகைச் சுதந்திரம் என்று பிட்ஸ்பர்க் நாளிதழ் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1973-இல் தோற்றது. வீட்டு விளம்பரத்தில் இன்னும் கறார். அங்கே 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில், தானும் குடியிருக்கும் சிறிய கட்டடத்தில் வாடகைக்கு விடுபவருக்குச் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விளம்பர வாசகத்துக்கு அந்த விலக்கு கிடையாது. அதாவது எழுதினாலே தப்பு.

2. சேமியுங்கள் (நான் சறுக்கிய இடம்)

செயலிக்குள் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் முகவரியும் இருக்காது, தேதியும் இருக்காது. அதனால் ‘ஷேர்’ வழியாக இணைப்பை நகலெடுத்து, கணினியில் உலாவியில் திறந்து, அச்சிடு போய் பிடிஎஃப் ஆகச் சேமிக்கிறேன். தலைப்பு, அடிக்குறிப்பு என்ற தேர்வை இயக்கி வைத்தால் பக்கத்தின் முகவரியும் தேதியும் அதுவாகவே ஓரத்தில் வந்துவிடும். இதற்கென்று தனிச் செயலி எதுவும் தேவையில்லை, நான் இரண்டு போட்டுப் பார்த்து இரண்டையும் தூக்கிவிட்டேன். லாகின் இல்லாமல் திறக்கும் பக்கமானால், இணையப் பக்கங்களின் பிரதிகளைத் தேதியோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்திலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள், பிறகு அவர்கள் வாசகத்தை மாற்றினாலும் பழையது அங்கே இருக்கும். வீடியோ விளம்பரம் என்றால் திரைப் பதிவு.

இதெல்லாம் முடியும் வரை விளம்பரதாரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். அடுத்த நிமிடமே திருத்திவிடுவார்கள்.

3. புகார்

முதலில் விளம்பரம் வந்த தளம். மூன்று புள்ளிகளை அமுக்கினால் காரணம் கேட்கும். அங்கே ‘ஸ்பேம்’ வேண்டாம், ‘பிடிக்கவில்லை’ வேண்டவே வேண்டாம், பாகுபாடு என்றோ வெறுப்பு என்றோ இருப்பதைத் தேடி எடுங்கள். புகார் எண் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் வாசகமோ காட்சியோ இழிவுபடுத்துகிறது என்றால் அடுத்து விளம்பரத் தர அமைப்பு. இந்தியாவில் ஏஎஸ்சிஐ, பிரிட்டனில் ஏஎஸ்ஏ. வேலை, வீடு மறுக்கப்படுகிறது என்றால் அந்தந்த நாட்டின் சமத்துவ ஆணையமோ தொழிலாளர் துறையோ. இங்கே காலக்கெடு முக்கியம். அமெரிக்காவில் வீடு சம்பந்தப்பட்ட புகாரை வீட்டுவசதித் துறையிடம் கொடுக்க ஒரு வருடம் இருக்கிறது, வேலை சம்பந்தப்பட்டதற்குப் பொதுவாக 180 நாள்தான்.

புகாரில் கதை எழுத வேண்டாம். அடுத்த முறை இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தபோது நான் எழுதியது இவ்வளவுதான்: ‘இன்ன தேதியில் இன்ன இணைப்பில் வந்த விளம்பரத்தில் “...” என்ற வாசகம் உள்ளது. இது இன்ன மதத்தினரை விலக்குகிறது. பிடிஎஃப் இணைத்துள்ளேன். நீக்கி, எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்கவும்.’ மேற்கோளுக்குள் அவர்கள் எழுதியதை எழுத்துப்பிழையோடு அப்படியே போடுங்கள். நான்காம் நாள் நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது.

பின்சேர்க்கை: வாசகத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் என் தங்கைக்கு வரும் வேலை விளம்பரம் எனக்கு வருவதில்லை, இதை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் யோசிக்கவே இல்லை. யாருக்குக் காட்டுவது என்பதிலேயே பாகுபாடு நடக்கலாம். இது பெரிய வழக்காகித்தான் 2019-இல் ஃபேஸ்புக், அமெரிக்காவில் வேலை, வீடு, கடன் விளம்பரங்களுக்கு வயது, பால், அஞ்சல் குறியீடு பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் வசதியை எடுத்துவிட ஒப்புக்கொண்டது. விளம்பரம் வந்தவரின் திரையில் ‘இந்த விளம்பரம் எனக்கு ஏன் வருகிறது’ என்பதை அமுக்கச் சொல்லி, அதில் வயதோ பாலோ காரணமாகக் காட்டினால் அதையும் படமெடுத்துப் புகாரோடு சேருங்கள்.

இன்னொன்று, ஆதாரத்தைப் பொதுவில் போடுவதானால் விளம்பரதாரரின் போன் எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்கள். ஆணையத்துக்கு அனுப்பும் பிரதியில் மறைக்க வேண்டாம்.