பரணில் கிடக்கும் காமிக்ஸும் கேசட்டும்

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பரணில் சூடு இன்னும் அதிகம். 1972 முதல் வந்த முத்து காமிக்ஸ் இதழ்களும் கல்யாண வீடியோ கேசட்டும் அங்கே கிடந்தால், முதலில் கீழே இறக்குங்கள். உள் அறை பீரோவின் நடுத்தட்டு போதும்.

காமிக்ஸுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். சாணித்தாள் பழுப்பேறத்தான் செய்யும். வெளிச்சம் படாமல் வைத்தால் மெதுவாக ஏறும். கிழிந்த அட்டையில் செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பசை கசிந்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் முகத்திலேயே மஞ்சள் கறை விழும்.

கேசட்தான் வம்பு பிடித்தது. மேல்புறக் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே கேசட்டை ஓட்டும் விசிஆரில் போட்டால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

சுத்தமாக இருக்கிறதா? சரி, லேபிள் ஒட்டிய முதுகுப் பக்கத்தில் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தப்பித் தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது. அப்புறம் முழுக்க ரீவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், உள்ளே காந்தம் இருக்கிறது.

இதெல்லாம் கொஞ்ச காலம் தள்ளத்தான். விசிஆர் இன்னும் வேலை செய்யும்போதே, அதன் படத்தைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றும் யூஎஸ்பி கேப்சர் கருவி ஒன்றை வாங்கி, படமும் ஒலியும் கடத்தும் ஏவி ஒயரை மாட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். மூன்று மணி நேரப் படம் ஏற மூன்று மணி நேரமும் ஆகும். கரண்ட் போகாத நாளாகப் பாருங்கள்.